மூட்டை ஏன் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறது?

உருளைக்கிழங்குக்குப் பேர் போன ஊர் மேட்டுப்பாளையம். ஆனால் அந்தக் கிழங்கு விளைவது மேலே, நீலகிரியில். மலைக்கிழங்கோடு கோலார், குஜராத் மூட்டைகளும் இங்கு வந்து இறங்கி, தரம் பிரிந்து, கேரளத்துக்கும் தமிழகத்தின் மற்ற ஊர்களுக்கும் புறப்படுகின்றன. விளையாத இடத்தில் சந்தை வளர்ந்தது ஏன் என்று பார்த்தால், விநியோகச் சங்கிலியின் அடிப்படை விளங்கிவிடும்.

முதல் காரணம் நில அமைப்பு. குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகள் இரண்டும் வந்து சேரும் அடிவாரம் இது. 1873-இல் ரயில் இதுவரை வந்து நின்றது. மலைமேல் குன்னூருக்கு ரயில் ஏற 1899 ஆனது, ஊட்டியைத் தொட 1908. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவுக்குப் பற்சக்கரத் தண்டவாளம் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட மலையில் ஒரு தோட்டத்து அறுவடை பெரிய லாரியை நிரப்புவது அரிது. நிரம்பாத லாரியின் வாடகை ஒவ்வொரு மூட்டையின் தலையிலும் விழும். பலருடைய சரக்கை அடிவாரத்தில் சேர்த்து முழு லோடாக அனுப்பினால் மூட்டைக்கான வாடகை குறையும். இந்தச் சேர்ப்புதான் மண்டியின் முதல் வேலை.

இரண்டாவது காரணம் காலம். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அது சுவாசிக்கிறது. வெப்பத்தில் முளைவிடும், வெளிச்சத்தில் பச்சையாகும், அழுகல் ஒன்று பக்கத்துக் கிழங்கையும் கெடுக்கும். நெடுந்தூரம் போகுமுன் கழிவை நீக்கி, அளவுவாரியாகப் பிரிப்பது அதனால்தான். வட இந்தியாவில் பிப்ரவரி, மார்ச்சில் எடுக்கும் கிழங்கு குளிர்கிடங்கில் காத்திருந்து மாதக்கணக்கில் சந்தைக்கு வருகிறது. நீலகிரியில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பருவம் உண்டு. ஒரு வட்டாரம் ஓய்ந்தால் இன்னொன்று ஈடுகட்டுகிறது.

மண்டி என்பது இடைத்தரகர் விவசாயியைச் சுரண்டும் ஏற்பாடுதானே என்று கேட்கலாம். முன்பணம் வாங்கிய விவசாயி அதைக் கொடுத்தவரிடமே விற்றாக வேண்டிய நிலையில், விலை பேசும் பலம் அவருக்கு இருக்காது. அதனால் எழும் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் விவசாயிகளின் கிழங்கை மேட்டுப்பாளையத்தில் ஏலம் விட்டது. சேர்ப்பதும் பிரிப்பதும் விலை காண்பதும் அப்போதும் தொடர்ந்தன. அவற்றைச் செய்த கை மாறியது. இன்று கைப்பேசியே விலை சொல்லிவிடும், மண்டி எதற்கு என்பது அடுத்த கேள்வி. கைப்பேசி மூட்டைக்குள் அழுகலைப் பார்க்காது, விற்காத லோடின் நட்டத்தை ஏற்காது. ஆகவே இடையில் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, யார் எந்த வேலைக்கு எவ்வளவு எடுக்கிறார் என்று கேட்பதே பயன் தரும். வேலை எதுவும் செய்யாமல் கமிஷன் மட்டும் வாங்கும் கண்ணியைக் கழற்றிவிடலாம். வேலை செய்யும் கண்ணியைக் கழற்றினால், அந்தச் செலவு வேறு பெயரில் விவசாயி மீதோ வாங்குபவர் மீதோ வந்து விழும்.