துறைமுகம் எங்கே இருக்கிறது? ஐரோப்பியக் கரையோரப் பயணத்துக்குச் சில குறிப்புகள்

கப்பலில் ஐரோப்பா போறோம், பத்து நாளில் எட்டு ஊர், ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க என்று கேட்பவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அவர்களுடைய பயணத் திட்டத்தைத்தான். அதில் 'ரோம்' என்று போட்டிருக்கும். ரோமில் ஏது கடல்? கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியா என்ற ஊரில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ. அதுவும் சுமார் 90 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லு ஆவ்ர், கிட்டத்தட்ட 200. 'பெர்லின்' என்றால் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்ட. இருநூறுக்கும் மேலே, ரயிலில் ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய மூணு மணி நேரம். காலை ஏழுக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்புகிற கப்பல் என்றால், மீதி எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதில் வியாபார தந்திரம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதற்கு அடியில் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. துறைமுகங்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், கரை கடலுக்குள் நகரும், ஊர் உள்ளே மாட்டிக்கொள்ளும். தாமிரபரணி கொற்கையை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்: முத்துத் துறைமுகமாக இருந்த ஊர், இன்றைக்குக் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே. அதே கதைதான் அங்கேயும். ரோமின் பழைய துறைமுகமான ஓஸ்தியா டைபர் முகத்துவாரத்தில் இருந்தது. இப்போது கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடற்படை வைத்து ஆண்ட பீசாவை ஆர்னோ ஆறு உள்ளே தள்ளியது, மெதிச்சி குடும்பம் லிவோர்னோவை வளர்த்தது. ஆர்ஃப்ளர், ஓன்ஃப்ளர் துறைகளில் மண் சேர்ந்ததால் 1517இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா உண்டாக்கிய ஊர்தான் லு ஆவ்ர். புரூஜ் நகரம் ஸ்வின் கால்வாய் தூர்ந்ததால் கடலை இழந்தது. அதற்குக் கடலைத் திருப்பிக் கொடுக்க 1907இல் திறந்ததுதான் ஸேபுருக.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ராவென்னா. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் போக முடியாது. அதனால் 'வெனிஸ்' என்று போட்ட சில பயணங்கள் இப்போது ராவென்னாவில் வந்து நிற்கின்றன. பலர் இறங்கிய உடனேயே பஸ் பிடித்து, ரெண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வெனிஸ் ஓடுகிறார்கள். ரோமானியக் கடற்படையே நின்ற கிளாசே துறைமுகம் இந்த ராவென்னாவை ஒட்டித்தான் இருந்தது. இன்றைக்கு அங்கே வயல். வயலுக்கு நடுவே ஆறாம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்று தனியாக நிற்கிறது. ஊருக்குள்ளே சான்ட் அப்போலினாரே நுவோவோ என்ற இன்னொரு தேவாலயத்தின் சுவரில், வண்ணக்கல் பதித்த சித்திரமாக அந்தத் துறைமுகம் அப்படியே இருக்கிறது: ரெண்டு கோபுரம், நடுவே கப்பல்கள். துறைமுகம் போயிடுச்சு, படம் மட்டும் சுவரில் மிச்சம். இதை விட்டுவிட்டு வெனிஸில் மூணு மணி நேரம் கூட்டத்தில் இடிபட ஏன் ஓடணும் என்பது என் கட்சி.

பெரிய பெயரை விடுங்கள், கப்பல் நின்ற ஊரைப் பாருங்கள் என்பதுதான் நான் பெரும்பாலும் சொல்வது. லிவோர்னோவில் கால்வாய்கள் ஓடும் பழைய பேட்டை இருக்கிறது, பேரே 'புது வெனிஸ்'. மீன் சாப்பிடுகிறவர்கள் அங்கே கச்சுக்கோ என்ற மீன் குழம்பை விடக் கூடாது. லு ஆவ்ர் போரில் தரைமட்டமாகி, அகஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய ஊர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெர்லினுக்கு ஒரே நாளில் போய்வருவது என்னைக் கேட்டால் வெட்டி வேலை. பக்கத்து ரோஸ்டாக் புறநகர் ரயிலில் கூப்பிடு தூரம். புரூஜ் மட்டும் விதிவிலக்கு, ஸேபுருகவிலிருந்து கிட்டதான், கட்டாயம் போங்க. ரோம் போகலாம், ஆனால் ஒரே ஒரு இடம் என்று முடிவு பண்ணிட்டுப் போகணும்.

இன்னும் சில நடைமுறை விஷயம். சரக்குத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து வாசல் வரை நடந்து போக விடமாட்டார்கள், பஸ்தான். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில சமயம் ஒத்துப்போகாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். துப்ரோவ்னிக் இருக்கும் குரோவேஷியா 2023 முதல் ஷெங்கன் பகுதி. பக்கத்திலேயே கோத்தோர் இருக்கும் மொன்டிநீக்ரோ அப்படியில்லை. கோத்தோர் போய்விட்டு இத்தாலிக்குத் திரும்பினால் அது ரெண்டாவது நுழைவு. பிரிட்டன் துறைமுகம் என்றால் தனி விசா.

இதெல்லாம் நேரத்தையும் பணத்தையும் காப்பாற்ற. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது.

சென்னைக் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு பிரிட்டனி கரை புரியாது. பிரான்சின் சான் மாலோவில் பெரிய ஓத நாட்களில் வித்தியாசம் 12 மீட்டர் வரும், அதாவது நாலு மாடி உயரம். அட்லாண்டிக் ஓதம் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்து அந்த வளைகுடாவில் முட்டி உயர்கிறது. காலையில் கடலாக இருந்த இடத்தில் மதியம் மணலில் நடந்து கிரான் பே தீவுக்குப் போகலாம். எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. போவது சுலபம். திரும்புவதில்தான் சிக்கல்.

தண்ணீர் சீராக ஏறாது என்பதைப் புரிந்துகொள்ளணும். மாலுமிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். 12 மீட்டர் ஓதத்தில் முதல் மணி நேரத்தில் ஒரு மீட்டர்தான். 'அவ்ளோதானா' என்று தோணும். மூணாவது மணி நேரத்தில் மட்டும் மூணு மீட்டர். அதனால் வற்றிக்கொண்டிருக்கும்போது போங்கள், ஏறத் தொடங்குவதற்குள் திரும்புங்கள். பாதை ஏற்கெனவே மூழ்கிவிட்டால் தீவிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அரை நாள் போகும், அவ்வளவுதான். முழங்கால் தண்ணிதானே என்று இறங்கவே கூடாது. தெற்கே நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் 'குவா' என்ற 4 கிலோமீட்டர் சாலையிலும் இதே கதை. வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே அதில் போகலாம். மாட்டிக்கொள்பவர்கள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் மேடை வைத்த கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். 1971இல் பாலமும் வந்தாச்சு. சந்தேகம் இருந்தால் பாலம்.

ஓத அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். பிரான்சில் ஒவ்வொரு ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். 100ஐத் தாண்டினால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில், அதிலும் மார்ச், செப்டம்பரில் அது உச்சத்துக்குப் போகும். தினமும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அட்டவணை கோடைக்கால நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பிசகும். சான் மாலோவில் குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு பொன் செக்கூர் கடற்கரையில் ஒரு குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் கடலே வந்து நிரப்பிவிட்டுப் போகும், வற்றத்தில் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கடல் எங்கோ தூரத்தில் கிடக்கும்போதும் அங்கே நீந்தலாம்.