உயரமானவரா நீங்கள்? செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

"ஏறிட்டேன்டா... இறங்கத்தான் முடியல!"

தேக்கா பக்கம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு என் நண்பர் சொன்னது இது. உயரம் 190 சென்டிமீட்டர், எடை 110 கிலோவுக்கு மேல். இரவல் வாங்கிவந்த 2 கதவு ஸ்போர்ட்ஸ் காரில் அவர் ஒரு காலை வெளியே வைத்தபடி மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாதிரி காரைத்தான் அவர் வாங்கவிருந்தார். சிங்கப்பூரில் அது சின்னச் செலவு இல்லையே?

சிக்கல் எங்கே?

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது கூரையைத்தான். தலை இடிக்கிறதா, இல்லையா? அது முக்கியம்தான். நேராக உட்கார்ந்த பிறகு தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு கை முஷ்டி நுழைய வேண்டும். சன்ரூஃப் உள்ள காரில் அந்த இடைவெளி சில சென்டிமீட்டர் குறையும். அதனால் ஒரே மாடலில் சன்ரூஃப் இல்லாத கார் கிடைக்குமா என்று தேடுங்கள்.

ஆனால் உயரமானவர்களை அதிகம் வதைப்பது ஸ்டியரிங். கால் நீளம் என்பதால் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளுவீர்கள். ஸ்டியரிங் உங்களை நோக்கி வராவிட்டால் கை எட்டாது. கைக்காக இருக்கையை முன்னால் இழுத்தால் முழங்கால் இடிக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது முட்டி ஸ்டியரிங்கில் தட்டினால் அது வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து.

ஹோண்டா எஸ்2000 காரில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கமும் நகர்த்த முடியாது. நிசான் 370இஸட் காரில் மேலும் கீழும் மட்டும் நகரும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் நான்காம் தலைமுறையில், 2018இல் செய்த மேம்பாட்டுக்குப் பிறகுதான் முன்னும் பின்னும் நகரும் வசதி வந்தது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று; ஆனால் தயாரித்த ஆண்டைப் பொறுத்து உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். டொயோட்டா 86, 2005க்குப் பிறகு வந்த போர்ஷ பாக்ஸ்டர் ஆகியவற்றில் ஸ்டியரிங் இரண்டு விதமாகவும் நகரும். (போர்ஷ என்றதும் பராமரிப்புச் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.)

சோதித்துப் பார்ப்பது சுலபம். முதுகையும் தோளையும் இருக்கையில் ஒட்டி வைத்துக் கையை நீட்டுங்கள். மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். தினமும் போடும் ஷூவோடு போங்கள். பெரிய உடம்பு என்றால் இருக்கையின் பக்கவாட்டு மேடுகள் இடுப்பையும் தொடையையும் நெருக்குகின்றனவா என்று 20 நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஷோரூமில் 2 நிமிடம் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. போக்குவரத்து விளக்குக்கு முன்னால் நிற்கும்போது குனியாமல் விளக்கு தெரிகிறதா? கூரை திறக்கும் கார் என்றால், கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே உங்கள் தலை நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

இது பந்தய வீரர்களுக்கும் இருந்த தொல்லைதான். அமெரிக்க வீரர் டான் கர்னி 190 சென்டிமீட்டரைத் தாண்டியவர். 1967 லெ மான் பந்தயத்துக்காக அவருடைய ஃபோர்டு காரின் கூரையில் தலைக்கவசத்துக்கென்றே ஒரு புடைப்பு வைத்தார்கள். ஏ. ஜே. ஃபாய்ட்டுடன் சேர்ந்து அந்தக் காரில் வெற்றியும் பெற்றார். நமக்கு யாரும் கூரையை வளைத்துத் தரப்போவதில்லை.

கார் நிறுத்துமிடத்தில் என்ன ஆகும்?

இங்கே வழக்கமான நிறுத்துமிடத்தின் அகலம் 2.4 மீட்டர். டொயோட்டா 86 காரின் அகலம் சுமார் 1.78 மீட்டர். பக்கத்தில் அதே அகலமுள்ள கார் நின்றால் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். 2 கதவு காரின் கதவு நீளமானது. முழுதாகத் திறந்தால்தான் பெரிய உடம்பு வெளியே வரும். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் தினமும் இரவு அப்படி இறங்க முடியுமா என்று யோசியுங்கள். 4 கதவு உள்ள வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ மாதிரியான கார்கள் பார்க்க அவ்வளவு 'ஸ்டைல்' இல்லைதான். ஆனால் முன்கதவு குட்டை, இருக்கை கொஞ்சம் உயரம்.

பணக் கணக்கு

பழைய கார் என்றால் நீங்கள் வாங்குவது மிச்சமுள்ள வாகன உரிமைச் சான்றிதழையும் சேர்த்துத்தான். அது 10 ஆண்டுக்குச் செல்லும். முடிந்ததும் ஏலத்தில் போட்டியிடாமல், முந்தைய 3 மாதச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. புதுப்பித்த காரைப் பின்னர் பதிவிலிருந்து நீக்கினால், 10 வயதுக்குள் நீக்கும் கார்களுக்குக் கிடைக்கும் 'பார்ஃப்' தள்ளுபடியும் இல்லை. 10 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியோடு 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் சேரும். அது படிப்படியாக 50 விழுக்காடு வரை ஏறும். ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு.

கடனுக்கும் வரம்பு இருக்கிறது. காரின் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை, அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு வரை. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். இளம் ஓட்டுநர் என்றால் காப்புறுதியையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இவ்வளவும் கொடுத்துவிட்டு விரைவுச்சாலையில் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்!

பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாமா?

நிறைய பேர் 'லெமன் சட்டம் இருக்கே' என்கிறார்கள். 2012 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டம் வணிகரிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகக் கருதப்படும். ஆனால் உங்கள் முட்டி இடிப்பது காரின் குறை ஆகாது. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் சட்டமே பொருந்தாது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். "அப்புறம் சீட்டை மாத்திக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளை முதலில் பாருங்கள்.

நண்பர் இன்னும் வாங்கவில்லை. போன சனிக்கிழமை உபி வட்டாரத்தில் 4 கார்களில் ஏறி இறங்கினார். 2 காரில் முட்டி இடித்தது, ஒன்றில் தலை. நான்காவது கச்சிதமாகப் பொருந்தியது. அதன் சான்றிதழில் மிச்சம் 14 மாதம்தான்.