மூன்றாவது தோட்டா எங்கே?

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு தோட்டாதான் கொள்ளும். மிச்சத்தை இடுப்பில் கட்டுவதா, துப்பாக்கியிலேயே மாட்டுவதா? வேகத்தோடு மழையும் கணக்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியைப் பார்க்காதவர்கள் இந்தியாவில் குறைவு. காக்கி உடை, விறைப்பான நடை, பெரும்பாலும் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கையில் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. இடுப்பிலோ மார்பின் குறுக்காகவோ தோட்டா பெல்ட். வாடிக்கையாளர்களுக்கு அது வெறும் அலங்காரம். காவலாளிக்கு அப்படி அல்ல. இரண்டு முறை சுட்டுவிட்டால் குழலை மடக்கித் திறந்து, காலித் தோட்டாக்களை எடுத்தெறிந்து, புதியவற்றைச் செருகி மூட வேண்டும். அந்தச் சில விநாடிகள் அவர் நிராயுதபாணி. மூன்றாவது தோட்டா எங்கே இருக்கிறது என்பது அப்போது உயிர்ப் பிரச்னை.

பெல்ட் வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற சொத்து. பிரிட்டிஷ் அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் காட்டுக்குள் போன காலத்தில் தோல் பெல்ட் அவர்கள் இடுப்பில் இருந்தது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் வந்த திருத்தம் மிச்சமிருந்த வேட்டைக்கும் கதவை அடைத்தது. வேட்டை போனாலும் பெல்ட் போகவில்லை. வங்கி வாசலுக்கு இடம் மாறிக்கொண்டது.

பெல்ட்டின் பெரிய பலம், பாரத்தை உடம்பு சுமப்பது. ஒரு 12 போர் தோட்டா ஏறக்குறைய 50 கிராம். 25 தோட்டா செருகிய பெல்ட் ஒரு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் துப்பாக்கியில் ஏறினால் குறி பார்க்கும் கை தளரும். பித்தளை அடிப்பாகம் மேலே இருக்கும்படி செருகியிருந்தால், பழகிய கை பார்க்காமலேயே இரண்டிரண்டாக உருவிவிடும். குறையும் உண்டு. பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், துப்பாக்கி ஓரிடம், தோட்டா ஓரிடம்.

இந்தக் குறைக்கு மாற்றாக வந்ததுதான் பின்கட்டை உறை. துப்பாக்கியின் பின்கட்டையில் காலுறை போல மாட்டும் எலாஸ்டிக் பட்டை. நான்கைந்து தோட்டாக்களைச் செருகலாம். துப்பாக்கியை எடுத்தாலே தோட்டாவும் கூட வரும். வலக்கைக்காரர் தோட்டாக்கள் வலப்புறம் இருக்கும்படி மாட்ட வேண்டும். இடப்புறம் இருந்தால் குறி பார்க்கும்போது கன்னத்தில் இடிக்கும். வெயிலிலும் வியர்வையிலும் எலாஸ்டிக் தளரும். உறை நழுவும், தோட்டா விழும். துப்பாக்கியை யாராவது பிடுங்கினால் தோட்டாவையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது வகை, துப்பாக்கியின் பக்கவாட்டில் திருகாணியால் பொருத்தும் தட்டு. முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு ஏற்றது. தோட்டா நுழையும் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை அதிக தூரம் போக வேண்டாம். ஆனால் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இயங்கும் பாகங்கள் இறுகி, துப்பாக்கியே மக்கர் செய்யும். குழலை மடக்கித் திறக்கும் இரட்டைக்குழலுக்கு இது தோதுப்படாது.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இந்தியாவில் மழை தன் பங்குக்கு ஒரு வாக்குப் போடுகிறது. பதனிட்ட தோலில் பித்தளை நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய காகிதக் கூடு தோட்டாக்கள் ஈரத்தில் உப்பிக் குழலுக்குள் நுழையாது. நுழைந்தால் வெளியே வராது. பிளாஸ்டிக் கூடு வந்த பிறகு உப்பும் தொல்லை குறைந்தது. ஆனால் அடியில் இருக்கும் உலோகத்துக்குக் களிம்புப் பயம் போகவில்லை. சுடும் அவசியமே அபூர்வமான காவல் வேலையில் அதே தோட்டாக்கள் மாதக்கணக்கில் பெல்ட்டிலேயே தங்கிவிடும். பெல்ட் தோளில் தொங்குவதற்கு. தோட்டாவின் நிரந்தர வீடு உலர்ந்த பெட்டிதான்.

மழை என்றால் கர்நாடகத்தின் குடகுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து பிரிட்டிஷ் காலம் தொட்டு விலக்கு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றது. செப்டம்பரில் வரும் கைல்போது விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து, நம் செங்காந்தள் மலரைச் சூட்டிப் பூஜை செய்வார்கள். மழைக்காலம் தணியும் நேரத்தில் வரும் இந்த வழிபாட்டுக்கு முன் நடக்கும் துடைப்பு, பெல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் கூட நல்ல பழக்கம்.

அடுத்தது கணக்கு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். வாங்கிய தோட்டா எத்தனை, மிச்சம் எத்தனை என்பதற்கு உரிமதாரர் பதில் சொல்லியாக வேண்டும். நழுவி விழுந்த ஒரு தோட்டா, குருவி சுடுபவருக்கு வேறு நாட்டில் சில்லறை நஷ்டம்; இங்கே காவலாளிக்கு வேலைக்கே உலை. இருபது வளையங்களில் இருபது தோட்டா என்று ஒரே பார்வையில் எண்ணிவிட வசதியானது பெல்ட்தான். சட்டைப் பையில் போட்டுக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் கொட்டித்தான் எண்ண வேண்டும்.

எந்த முறையானாலும் ஒரு விதிக்கு விலக்கில்லை: ஒரு பெல்ட்டில் ஒரே அளவுத் தோட்டா. 12 போர் குழலில் தவறி 20 போர் தோட்டா விழுந்தால் அது பாதி வழியில் சிக்கி நிற்கும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்; பிடித்திருக்கும் கை போகும்.

வங்கிக் காவலாளிக்கு மூடியுள்ள பெல்ட், பம்ப் ஆக்‌ஷன் வைத்திருப்பவருக்குப் பக்கத் தட்டு, இரவில் அவசரமாகத் துப்பாக்கியை எடுக்க வேண்டிய தோட்டக்காரருக்குப் பின்கட்டை உறை. எதை வாங்கினாலும், காலித் துப்பாக்கியில் போலித் தோட்டாவை வைத்து, பார்க்காமல் எடுத்துச் செருகிப் பழகாவிட்டால் அதற்குக் கொடுத்த காசு தண்டம்.