வழியில் உள்ள வாசலுக்கும் அனுமதி வேண்டும்

அயல்நாட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாகின்ற ஓர் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டிகளை நிறுத்துப் பார்ப்பவர் ஒருவர். தின்பண்டங்களைப் பொதிந்து வைப்பவர் மற்றொருவர். “பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா? விசா வந்துவிட்டதா?” என்று வீட்டுப் பெரியவர் வினவுகின்றார். “எல்லாம் இருக்கின்றன, வாப்பா” என்று மகன் விடை பகர்கின்றான். துஆச் செய்து வழியனுப்புகின்றார்கள். ஆயினும், கேட்கப்படாத கேள்வி ஒன்று எஞ்சி நிற்கின்றது. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகின்றோம்? அந்த நாடு நம்மிடம் என்ன கேட்கும்?

முஸாஃபிருக்கு மார்க்கம் சலுகைகளை வழங்கியிருக்கின்றது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். நோன்பைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம். ஆனால், நாடுகளின் எல்லைச் சட்டங்கள் எல்லாமே வழிப்போக்கருக்குச் சலுகை காட்டுவதில்லை. இரண்டு மணி நேரம் நின்று செல்பவரிடமும் முன்னனுமதி கேட்கின்ற நாடுகள் உள்ளன.

அத்தகைய அனுமதிகளுள் ஒன்றே மின்னணுப் பயண அனுமதி. விசாவிலிருந்து விலக்குப் பெற்ற நாட்டினர், புறப்படுமுன் கணினி வாயிலாகவோ கைப்பேசி வாயிலாகவோ தம் விவரங்களைத் தெரிவித்துப் பெறுகின்ற இசைவு அது. பாஸ்போர்ட்டில் முத்திரை எதுவும் விழாது. அதன் எண்ணுடன் இணைந்த பதிவாக மட்டும் இருக்கும். 2001 ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின், 2007 இல் இயற்றிய சட்டத்தின்படி அமெரிக்கா இதனை ஏற்படுத்தி, 2009 ஜனவரி 12 முதல் கட்டாயமாக்கியது. கனடா 2016 இல் இம்முறையைக் கைக்கொண்டது. பிரிட்டன் 2023 இல் கத்தார் நாட்டினரிடமிருந்து தொடங்கி, 2025 ஜனவரி 8 முதல் மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாட்டினருக்கும் இதனை விரிவாக்கியது.

நம் குடும்பங்கள் பலவற்றில் இரத்தம் ஒன்று; பாஸ்போர்ட் பலவாகும். அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி மலேசியக் குடிமகன், தங்கை மகள் சிங்கப்பூர்க் குடிமகள். இம்மூவரும் டொரொண்டோ நகரில் நடைபெறும் ஒரு நிக்காஹ்வுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் கனடா விசாவைப் பெற்றிருக்கின்றனர். தங்கை மகளுக்கு விசா வேண்டியதில்லை. கனடாவின் மின்னணு அனுமதியைப் பெற்றுவிட்டார். இனி வழியைப் பற்றி எண்ணுவோம்.

முதலாவது வழி, லண்டன் ஹீத்ரோ. ஒரே பயணச்சீட்டில், குடிவரவுச் சோதனையைக் கடக்காமல், நிலையத்தின் உட்பகுதியிலேயே விமானம் மாறுவோருக்கு ஹீத்ரோவிலும் மான்செஸ்டரிலும் மின்னணு அனுமதி தேவையில்லை என்று பிரிட்டன் 2025 ஜனவரியில் விலக்களித்தது. ஆகவே மலேசியரும் சிங்கப்பூரரும் தடையின்றிச் செல்வர். இந்தியருக்கு விதி வேறு. உட்பகுதியில் மாறுவதற்குங்கூட அவருக்கு இடைவழி விசா வேண்டும். எனினும் செல்லுபடியாகும் கனடா விசாவைக் கையில் வைத்திருப்போர் அதிலிருந்து விலக்குப் பெறலாம். ஆதலால் நம் அண்ணனும் கடந்துவிடுவார்.

இரண்டாவது வழி, நியூயார்க். அமெரிக்க விமான நிலையங்களில் பொதுவாக அத்தகைய உட்பகுதி இல்லை. விமானம் மாறுபவரும் குடிவரவு அதிகாரி முன் நின்று, பெட்டியைப் பெற்று, சுங்கத்தைக் கடக்க வேண்டும். விசாவின்றி வழிமாறிச் செல்ல முன்பு இருந்த ஏற்பாட்டையும் 2003 ஆகஸ்டில் அந்நாடு நிறுத்திவிட்டது. எனவே அண்ணனுக்கும் தம்பிக்கும் அமெரிக்க விசா வேண்டும்; தங்கை மகளுக்கு அமெரிக்க மின்னணு அனுமதி வேண்டும். சேருமிடம் ஒன்றே, வழி மாறியதும் கடமைகள் மாறிவிட்டன.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். செலவைக் குறைக்க எண்ணி லண்டன் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து வேறொரு சீட்டும் தனித்தனியே வாங்குவோர் உண்டு. அப்போது பெட்டியை வெளியே சென்று எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரிடலாம். ஹீத்ரோவிலிருந்து கேட்விக் நிலையத்திற்கு மாறுவதாயினும், இரவு வெளியே விடுதியில் தங்குவதாயினும் நிலைமை இதுவே. குடிவரவு வாசலைக் கடக்கும் கணமே உட்பகுதி விலக்கு நீங்கிவிடுகின்றது. மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் மின்னணு அனுமதி கட்டாயமாகின்றது. இந்தியருக்குரிய நிபந்தனைகளும் மாறுகின்றன.

தடை ஏற்படுவது லண்டனிலோ நியூயார்க்கிலோ என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையிலோ கோலாலம்பூரிலோ, பெட்டியை ஒப்படைக்கும் மேடையிலேயே தடுக்கப்படுவீர்கள். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால், பிரிட்டனில் விமான நிறுவனத்திற்கு 2,000 பவுண்டு அபராதம். ஆதலால் பணியாளர் இரங்கினாலும் விடமுடியாது. வழியனுப்ப வந்த உறவினர் கண்ணெதிரே குடும்பத்தில் ஒருவர் மட்டும் திரும்ப நேர்வது எத்துணைத் துயரம்!

அத்துயரைத் தவிர்க்கச் செய்யத்தக்கவை இவை. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் தனித்தனியே கொண்டு, வழியிலுள்ள நாட்டின் அரசு இணையதளத்தில் விதியைப் பாருங்கள். விமான நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். பெட்டி இறுதி ஊர்வரை நேரே செல்லுமா என்று வினவுங்கள். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். தாயின் அனுமதி சேய்க்கு உதவாது. பாஸ்போர்ட் புதிதானால் அனுமதியையும் புதிதாகப் பெறவேண்டும். ஓர் எண் பிழையாக எழுதப்பட்டாலும் பெற்ற அனுமதி பயன்படாது.

கட்டணத்தில் ஏமாறாதீர்கள். கனடா 7 கனடா டாலர் பெறுகின்றது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் 16 பவுண்டாகவும், அமெரிக்கா 2025 செப்டம்பர் இறுதியில் 40 டாலராகவும் உயர்த்தின. இவை மாறுபவை, விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். அரசுத் தளம் போல் தோற்றங்காட்டிப் பன்மடங்கு பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. விடை சில நிமிடங்களில் வரலாம். மூன்று நாட்களும் ஆகலாம். கடைசி இரவுவரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

அடுத்தமுறை உங்கள் இல்லத்திலிருந்து ஒருவர் புறப்படுகையில், “விசா வந்துவிட்டதா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எந்த வழியாகப் போகிறாய்? அங்கே உன் பாஸ்போர்ட்டுக்கு என்ன கேட்பார்கள்?” என்றும் கேளுங்கள். அதற்கும் விடை கிடைத்த பின் துஆச் செய்து வழியனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் நலமாய் நிறைவேறும்.