டெபியன் லினக்சில் அமைவடிவக் கோப்புகளின் இற்றைப்படுத்தல்

ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் உரைக்கோப்பே அமைவடிவக் கோப்பு ஆகும். லினக்சில் இவை பெரும்பாலும் எட்சி என்னும் அடைவில் இருக்கும். பொதியின் புதிய பதிப்பு நிரற்கோப்புகளைத் தயங்காமல் மேலெழுதிவிடும். எட்சியில் உள்ளவற்றை அப்படிச் செய்ய இயலாது. நிருவாகி அவற்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றியிருக்கலாம்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றின் பொதிக் கருவியான டிபிகேஜி, பொதியுடன் வந்த அமைவடிவக் கோப்பு ஒவ்வொன்றின் எம்டி5 சரிபார்ப்புத் தொகையையும் பதிந்துவைக்கிறது. இற்றைப்படுத்தும்போது முன்பு வந்த கோப்பு, வட்டில் இப்போது உள்ள கோப்பு, புதிதாக வந்துள்ள கோப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறது. நிருவாகி கைவைக்காத கோப்பு கேள்வியின்றி மாற்றப்படும். அவர் மாற்றியிருந்து, பொதியில் மாற்றம் இல்லையெனில் அவருடையது அப்படியே இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் மட்டுமே திரையில் கேள்வி எழும்.

ஒய் என்றால் புதிய கோப்பு நிறுவப்படும். பழையது டிபிகேஜி-ஓல்டு என்னும் பின்னொட்டுடன் எஞ்சும். என் என்றால் பழையது தொடரும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்னும் பின்னொட்டுடன் அருகில் வைக்கப்படும். டி வேறுபாடுகளைக் காட்டும். வெறுமனே என்டர் விசையைத் தட்டினால் என் என்றே கொள்ளப்படும். நூற்றுக்கணக்கான பொதிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது இக்கேள்வி வருவதால் பலரும் படிக்காமலேயே தட்டிவிடுகிறார்கள்.

அது எப்போதும் பாதுகாப்பானதன்று. டெபியன் 7இல் அப்பாச்சி 2.2 இருந்தது, 2015இல் வெளிவந்த டெபியன் 8இல் அது 2.4 ஆயிற்று. பழைய அமைவடிவக் கோப்பில் இருந்த லாக்ஃபைல் என்னும் கட்டளை 2.4இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே பழைய கோப்பை வைத்துக்கொண்டவர்களின் வலை வழங்கி தொடங்கவே மறுத்தது.

ஒய் தரும் இடர் வேறு வகையானது. தொலைவிலுள்ள வழங்கியில் எஸ்எஸ்எச் சேவைக்குக் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, திறவுகோல் நுழைவை மட்டும் ஒருவர் அனுமதித்திருப்பார். புதிய கோப்பை ஏற்றால் கடவுச்சொல் நுழைவு மீண்டும் திறந்துவிடலாம். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதால் இதுவே மோசமானது. (டெபியனில் இக்கோப்பை யுசிஎஃப் என்னும் வேறொரு கருவி கவனிக்கிறது, கேள்வியின் தோற்றம் மாறினாலும் தெரிவு அதுவே.)

ஆகவே முதலில் டி அழுத்தி வேறுபாட்டைப் படிக்க வேண்டும். ஐயம் இருந்தால் இப்போதைக்குப் பழையதை வைத்துக்கொண்டு, பின்னர் டிபிகேஜி-டிஸ்ட் கோப்புகளைத் தேடியெடுத்து, தேவையான வரிகளைக் கையால் இணைக்கலாம். சேவையை மீளத்தொடங்குமுன் அதன் சோதனைக் கட்டளையை இயக்குவதும், எஸ்எஸ்எச் எனில் திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொரு முனையத்தில் நுழைந்து பார்ப்பதும் நல்லது. எட்சிகீப்பர் என்னும் கருவி எட்சி அடைவு முழுவதையும் கிட் களஞ்சியமாகப் பேணுவதால், நேற்று என்ன இருந்தது என்பதை எளிதில் காணலாம்.

ஃபெடோராவின் ஆர்பிஎம், ஆர்ச்சின் பேக்மேன் ஆகியவை கேள்வி கேட்பதில்லை. பேக்மேன் புதியதைப் பேக்நியூ என்னும் பின்னொட்டுடன் வைத்துவிட்டு ஓர் எச்சரிக்கை வரியுடன் நகர்ந்துவிடும். ஆர்பிஎம்மில் பொதியை உருவாக்கியவர் குறித்தபடி, புதியது ஆர்பிஎம்நியூ ஆகவோ பழையது ஆர்பிஎம்சேவ் ஆகவோ ஒதுக்கப்படும்.

இச்சிக்கலைக் குறைக்கவே பல மென்பொருள்கள் இப்போது துணை அடைவுகளைத் தருகின்றன. நிருவாகியின் வரிகள் அங்கே தனிக்கோப்பாக இருக்கும். முதன்மைக் கோப்பைத் தொடாததால் கேள்வியும் எழாது. எஸ்எஸ்எச் வழங்கியின் அமைவடிவக் கோப்பில் இவ்வசதி 2020இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் உள்ளது.