பள்ளி லேப் ஸ்டோர் ரூம்: ஆசிட் பக்கத்தில் எதை வைக்கவே கூடாது?

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சேமித்த தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். கெமிக்கலைப் பயன்படுத்தும்போது மட்டுமல்ல, சேமித்து வைக்கும்போதும் ஆபத்து உண்டு. பள்ளி ஸ்டோர் ரூமுக்கும் இது பொருந்தும்.

என்ன ஆபத்து?

வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் முடி நீக்க சோடியம் சல்பைடு பயன்படுத்துறாங்க. அதில் ஆசிட் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு வரும். பள்ளி லேப்பில் இருக்கும் அயர்ன் சல்பைடும் அப்படித்தான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதனால் மூக்கை நம்பாதீங்க!

எப்படி அடுக்கணும்?

* ஆங்கில எழுத்து வரிசை வேண்டாம். அப்படி அடுக்கினால் எளிதில் தீப்பிடிக்கும் அசிட்டோனும், தீயைத் தூண்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். வகை பிரிச்சு வையுங்க.
* ஆசிட் பாட்டில்கள் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் டிரேக்குள் இருக்கணும். சல்பைடு வேறு அலமாரியில்.
* நைட்ரிக் ஆசிட் தனியாக. பக்கத்தில் ஸ்பிரிட் கூடாது.
* பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். இரண்டையும் பிரிச்சு வையுங்க.
* சோடியம் உலோகம் எப்பவும் மண்ணெண்ணெயில் மூழ்கி இருக்கணும்.

லேபிள் இல்லாத பாட்டில் இருந்தால்? திறந்து முகர்ந்து பார்க்காதீங்க, சிங்க்கிலும் ஊற்றாதீங்க. தனியாக வைத்துப் பூட்டி, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவிக்கவும்.