சுழியம் எதற்கு?

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு பயின்றபோது, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பொன்றில் தொண்டூழியராகச் சேர்ந்தேன். அங்கு ஒரு சிறுவனிடம் ‘முந்நூற்றைந்து’ என எழுதச் சொன்னேன். தயங்காமல் 3005 என்று எழுதினான். “இவனுக்குக் கணக்கே வராதும்மா” என்று அவன் எதிரிலேயே சொன்னார் அவனுடைய தாயார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிவப்பு மையால் திருத்தி, மூன்று முறை எழுத வைத்தேன். மறுவாரம் ‘நானூற்றேழு’ 4007 ஆனது. அப்போதுதான் புரிந்தது, இது கவனக்குறைவு அன்று. முந்நூறு என்றால் 300, அதன்பின் ஐந்து. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். பிழையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

அடுத்த வாரம் எண் கட்டைகளைக் கொண்டு சென்றேன். ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் ஸோல்டான் டீன்ஸ் 20ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய கருவி இது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று. அவற்றில் பத்து சேர்ந்தால் ஒரு கோல். பத்துக் கோல்கள் ஒரு தட்டு. பத்துத் தட்டுகள் ஓர் ஆயிரக் கட்டை.

முதலில் பரிமாற்ற விளையாட்டு. கையில் பத்துச் சிறு கட்டைகள் சேர்ந்தவுடன் கொடுத்துவிட்டு ஒரு கோலை வாங்க வேண்டும். பத்தும் ஒரு கோலும் சமம் என்பதைக் கை உணர்ந்த பிறகே 305க்கு வந்தோம். மூன்று தட்டுகளையும் ஐந்து சிறு கட்டைகளையும் எடுத்தான். பக்கத்தில் ஓர் ஆயிரக் கட்டையை வைத்து, “3005 என்றால் இதுபோல் மூன்று வேண்டுமே!” என்றேன். “அக்கா, அது ரொம்பப் பெரிசு!” என்று சிரித்துவிட்டான்.

ஆனால், கட்டைகள் மட்டும் போதா. தட்டுகளை இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் மதிப்பு மாறாது. அளவே மதிப்பைச் சொல்லிவிடும். இலக்கத்திற்கு அந்த வசதி இல்லை. இருக்கும் இடம்தான் அதற்கு மதிப்பு. எனவே ஒரு தாளில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டங்கள் வரைந்து, கட்டைகளை அவற்றில் அடுக்கி, கீழே இலக்கங்களை எழுதச் சொன்னேன். பத்தின் கட்டம் வெறுமையாக இருந்தது. “இங்கே ஒன்றுமே இல்லையே?” என்றான். “அதைத்தான் எழுத வேண்டும்” என்றேன். சுழியம் எதற்கு என்பது அவனுக்கு அன்று விளங்கியது.

நம் பழைய தமிழ் எண்முறையில் 305 என்பதை ௩௱௫ என்று எழுதினர். நூறுக்குத் தனிக் குறியீடு இருந்ததால் சுழியம் தேவைப்படவில்லை. அந்தச் சிறுவனும் ஏறக்குறைய அப்படித்தான் சிந்தித்தான்!

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தொண்ணூறு’ என்ற சொல்லில் நூறு ஒலிக்கிறது. ‘தொள்ளாயிரம்’ என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. தொண்ணூறு நூறைவிடப் பெரியது என எண்ணும் பிள்ளையிடம் ஒன்பது கோல்களை ஒரு தட்டின் மேல் அடுக்கச் சொல்லுங்கள். ஒரு கோலுக்கு இடம் மிஞ்சுவதை அவரே காண்பார்.

கட்டைகள் வாங்க வசதியில்லையா? ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். கழித்தலின்போது கட்டை அவிழ்த்தால் பத்து ஒன்றுகள் கிடைத்துவிடும்.

வகுப்பு முடியும் வேளையில், நான் கேட்காமலேயே, “எண்ணூற்றெட்டு எழுதட்டுமா அக்கா?” என்றான். 808. வாசலில் காத்திருந்த தாயாரிடம் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தம்பி தங்கைகளே, ‘கணக்கு வராது’ என்று ஒரு பிள்ளையை ஒதுக்குமுன், அவன் எப்படிச் சிந்தித்தான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.